அந்தத் தேதி யாருடையது?

(தெலுக் பங்லிமா காராங்கில், தொழிற்சாலைகளின் கணினிப் பிரிவுகளில் பணியாற்றுவோர் முன் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

இங்கே கூடியிருக்கும் உங்களில் பலர் இந்த ஊர்ச் சுதந்திர வர்த்தக வலயத்திலும், சுற்றியுள்ள தொழிற்பேட்டைகளிலும், பந்திங் சாலையோரத்துச் சிறு கம்பெனிகளிலும் வேலை செய்கிறவர்கள். ஷிப்டு முடித்த கையோடு வந்தவர்களும் உண்டு. ஆகவே நேரே விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் நிறுவனத்தின் கணினிச் சொத்துப் பதிவேட்டைத் திறந்தால் அதில் ஒரு பத்தி இருக்கும். தலைப்பு ‘ஈ.ஓ.எல்.’, அதாவது ஆயுள் முடிவு. கீழே வரிசையாகத் தேதிகள். தணிக்கைக்கு வருகிறவர் முதலில் கேட்பது அந்தப் பத்தியைத்தான். பட்ஜெட் போடும்போது முதலாளி பார்ப்பதும் அதையே. தேதி தாண்டிய வரி சிவப்பு, நெருங்கிவிட்டது மஞ்சள், மற்றதெல்லாம் பச்சை. இந்த மூன்று நிறங்களை நம்பிப் பெரும்பணம் செலவாகிறது. செலவழித்தே ஆக வேண்டிய இடத்தில் செலவழிக்காமல் விடுவதும் இவற்றை நம்பித்தான்.

நான் சொல்ல வந்தது ஒன்றே ஒன்று. அந்தப் பத்தியில் இருப்பது இயந்திரத்தின் ஆயுள் அல்ல. யாரோ ஒரு நிறுவனம், தன்னுடைய ஒரு பொருளின் ஒரு வகைக்கு, ஒரு குறிப்பிட்ட சேவையை இந்த நாள் வரை தருகிறேன் என்று கொடுத்த வாக்கு அது. வாக்குக் கொடுத்தது யார், எந்தப் பொருளுக்கு, அதில் எந்த வகைக்கு, எந்தச் சேவைக்கு என்ற நான்கும் பக்கத்தில் இல்லாத தேதியை வைத்து எந்த முடிவும் எடுக்கக் கூடாது.

கிள்ளான் துறைமுகத்துக்கு ஓடும் ஒரு லோரியைப் பாருங்கள். சாலை வரிக்கு ஒரு தேதி, காப்புறுதிக்கு ஒரு தேதி, ஆறு மாதத்துக்கு ஒருமுறை நடக்கும் வாகனப் பரிசோதனைக்கு ஒரு தேதி, ஓட்டுநரின் ஜி.டி.எல். உரிமத்துக்கு இன்னொரு தேதி. நான்கையும் ஒரே கட்டத்தில் போட்டு ‘லோரி முடியும் நாள்’ என்று எழுதி வைக்கும் கிளார்க்கை நான் பார்த்ததில்லை. கணினிக்கு மட்டும் நாம் அப்படித்தான் எழுதி வைத்திருக்கிறோம்.

எல்லோருக்கும் தெரிந்த விண்டோஸ் 10-ஐ எடுத்துக்கொள்வோம். 2025 அக்டோபர் 14 அன்று அதற்கான ஆதரவு முடிந்தது. செய்தித்தாளில் வந்தது, தொலைக்காட்சியில் வந்தது. மறுநாளே பல பதிவேடுகளில் விண்டோஸ் 10 என்று இருந்த வரிகளெல்லாம் சிவப்பாயின. ஆனால் உற்பத்தித் தளத்தில் இருப்பது அலுவலகக் கணினி மட்டும் அல்லவே. பொட்டலம் கட்டும் இயந்திரத்துக்குள் ஒரு கணினி இருக்கிறது. லேபிள் அச்சிடும் இடத்தில் ஒன்று, கேமரா வைத்துப் பொருளைச் சோதிக்கும் இடத்தில் ஒன்று. அவற்றில் ஒன்றின் முன்னால் நின்று, விண்டோஸ் விசையையும் ஆர் விசையையும் சேர்த்து அழுத்தி, ‘வின்வெர்’ என்று தட்டுங்கள். சிறு பெட்டி ஒன்று திறக்கும். அதில் பில்டு எண் 19044 என்று இருப்பதாக வைத்துக்கொள்வோம்.

இந்த ஒரு எண்ணுக்கு நான்கு தேதிகள் உண்டு. அது விண்டோஸ் 10 ஹோம் அல்லது புரோ வகையின் 21எச்2 பதிப்பு என்றால், ஆதரவு 2023 ஜூன் 13 அன்றே முடிந்துவிட்டது. எண்டர்பிரைஸ் 21எச்2 என்றால் 2024 ஜூன் 11. நீண்டகால ஆதரவு வகையான எண்டர்பிரைஸ் எல்.டி.எஸ்.சி. 2021 என்றால் 2027 ஜனவரி 12. ஐ.ஓ.டி. எண்டர்பிரைஸ் எல்.டி.எஸ்.சி. 2021 என்றால் 2032 ஜனவரி 13. ஒரே எண்தான். நடுவில் எட்டரை ஆண்டுகளுக்கு மேல் இடைவெளி. இதில் எதற்குமே 2025 அக்டோபர் 14 பொருந்தவில்லை என்பதையும் கவனியுங்கள். செய்தித்தாளில் வந்த அந்தத் தேதி 22எச்2 என்ற கடைசிப் பதிப்புக்கு உரியது.

இதனால் என்ன நடக்கும்? 2032 வரை பாதுகாப்புத் திருத்தம் கிடைக்கக்கூடிய ஓர் இயந்திரத்தைச் சிவப்பில் பார்த்துவிட்டு மாற்றச் சொல்லி மேலிடம் உத்தரவு போடும். இயந்திரம் விற்ற கம்பெனியோ, உள்ளே இருக்கும் கணினியைத் தனியாக மாற்ற முடியாது, கட்டுப்பாட்டுப் பகுதி முழுவதையும் மாற்ற வேண்டும் என்று விலைப்பட்டியல் அனுப்பும். இன்னொரு பக்கம், 2023-லேயே திருத்தம் நின்றுபோன ஒரு புரோ கணினி, ‘விண்டோஸ் 10, 2025 அக்டோபர்’ என்ற பொதுத் தேதியின் நிழலில் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் பச்சையாகவே இருந்திருக்கும். முதல் தவறு பணத்தைத் தின்கிறது. இரண்டாவது தவறு வாசலைத் திறந்து வைக்கிறது. இரண்டுக்கும் காரணம் பதிவேட்டில் வகைக்கும் பதிப்புக்கும் தனிப் பத்திகள் இல்லாததுதான்.

விண்டோஸ் 11-க்கு மாறிவிட்டோம், இனிக் கவலை இல்லை என்று சிலர் சொல்வதைக் கேட்கிறேன். விண்டோஸ் 11-இன் 23எச்2 பதிப்புக்கு ஹோம், புரோ வகைகளில் 2025 நவம்பர் 11-உடன் ஆதரவு முடிந்தது. எண்டர்பிரைஸ் வகைக்கு இன்னும் ஓர் ஆண்டு, 2026 நவம்பர் 10 வரை. விண்டோஸ் 11 என்ற பெயரை மட்டும் எழுதி எதிரே ஒரு தேதி போட்டால் அந்தத் தேதி எதற்கும் உதவாது.

பணம் கட்டி நீட்டிப்பு வாங்கும் வழியும் இருக்கிறது. விண்டோஸ் 10-க்கு நிறுவனங்கள் முதல் ஆண்டு கணினி ஒன்றுக்கு 61 அமெரிக்க டாலர் கட்டலாம். அடுத்தடுத்த ஆண்டுகளில் கட்டணம் இரட்டிப்பாகும். 2028 அக்டோபர் 10 அன்று அதுவும் முடியும். அப்படியானால் பதிவேட்டில் எந்தத் தேதியை எழுதுவது? 2025-ஐயா, 2028-ஐயா? இரண்டையும் எழுத வேண்டும், தனித்தனிப் பத்திகளில். நீட்டிப்புத் தேதியைப் பணம் கட்டிய கணினிகளுக்கு மட்டுமே எழுத வேண்டும். கட்டாத கணினிக்கு 2028 என்று எழுதுவது பொய்க் கணக்கு.

அடுத்தது தேதியை எழுதும் முறை. இதைச் சிறிய விஷயம் என்று நினைக்காதீர்கள். நாம் நாள், மாதம், ஆண்டு என்று எழுதுகிறோம். அமெரிக்கர்கள் மாதத்தை முதலில் எழுதுகிறார்கள். விண்டோஸ் சர்வர் 2016-க்கு ஆதரவு முடிவது 2027 ஜனவரி 12. அமெரிக்காவிலிருந்து வரும் கோப்பில் அது 1/12/2027 என்று இருக்கும். மலேசிய அமைப்பில் உள்ள எக்செலில் அதைத் திறந்தால், எந்த எச்சரிக்கையும் இல்லாமல் 2027 டிசம்பர் 1 ஆகிவிடும். ஏறக்குறைய பதினொரு மாதம் போலியாகக் கூடுகிறது. சர்வர் 2019-க்கு 2029 ஜனவரி 9. அது செப்டம்பர் 1 ஆகும். இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. 10/14/2025 போன்ற தேதியை எக்செல் மாற்ற முடியாது, பதினான்காவது மாதம் கிடையாது. ஆகவே அதை வெறும் எழுத்தாக விட்டுவிடும். கட்டத்தில் அது இடது பக்கம் ஒட்டி நிற்கும். உண்மையான தேதிகள் வலது பக்கம் நிற்கும். தேதி வாரியாக வடிகட்டும்போது இடது பக்கம் நிற்பவை கணக்கில் வராது. ஆக ஒரே பத்தியில் சில தேதிகள் பிறழ்ந்து கிடக்கும், சில தேதிகள் காணாமலே போகும். பத்தியைத் திறந்து எது இடப்பக்கம் நிற்கிறது, எது வலப்பக்கம் நிற்கிறது என்று பாருங்கள். இடப்பக்கம் ஒன்று இருந்தாலும் வலப்பக்கத்தில் உள்ளவற்றை நம்பாதீர்கள். ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில், 2027-01-12 என்று எழுதினால் இந்தத் தொல்லையே இல்லை.

00/01/1900 என்ற தேதியையும் சிலர் பார்த்திருப்பீர்கள். அது காலிக் கட்டம் சுழியமாக மாறியதன் அடையாளம். 01/01/1970-உம் அப்படித்தான். இவற்றைக் கண்டுபிடிப்பது எளிது, கண்ணை உறுத்தும். 31/12/9999 உறுத்தாது. யாரோ ஒருவர் ‘தேதி தெரியாது’ என்பதற்குப் பதில் அதைப் போட்டிருப்பார். அந்த வரி எந்த நாளும் பச்சையிலிருந்து மாறாது. காலிக் கட்டத்திலும் இரண்டு வகை உண்டு: தயாரிப்பாளர் இன்னும் தேதி அறிவிக்கவில்லை என்பது ஒன்று, நாம் இன்னும் தேடிப் பார்க்கவில்லை என்பது மற்றொன்று. முன்னது தகவல், பின்னது வேலை பாக்கி. இரண்டும் ஒரே வெற்றிடமாகத் தெரிந்தால் பாக்கி வேலையை யாரும் செய்ய மாட்டார்கள்.

வன்பொருளுக்கு வருவோம். நெட்வொர்க் சுவிட்ச் விஷயத்தில் சிஸ்கோ வைத்திருக்கும் ஏற்பாடு தெளிவானது, அதனாலேயே சொல்கிறேன். ஆயுள் முடிவு அறிவிப்பு என்று முதலில் ஓர் அறிக்கை வரும். அதன் பிறகு விற்பனை நிற்கும் நாள். அப்புறம் மென்பொருள் திருத்தம் நிற்கும் நாள், புதிய சேவை ஒப்பந்தம் சேர்க்க முடியாத நாள், ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க முடியாத நாள். கடைசியாக, எல்லா ஆதரவும் நிற்கும் நாள். வழக்கமாக விற்பனை நின்ற நாளுக்கும் இந்தக் கடைசி நாளுக்கும் நடுவே ஐந்து ஆண்டுகள் இருக்கும். இத்தனை தேதிகளில் நம் பதிவேட்டுக்குள் வருவது ஒன்றே ஒன்று. பல இடங்களில் அது விற்பனை நின்ற நாளாக இருக்கிறது. அதைப் பார்த்துவிட்டு இன்னும் ஐந்து ஆண்டு உழைக்கக்கூடிய சுவிட்சைக் கழற்றி எறிகிறார்கள். கடைசி நாளை எழுதியவர்களும் நிம்மதியாக இருக்க முடியாது. புதிய ஒப்பந்தம் சேர்க்கும் கெடு அதற்கு வெகு முன்னாலேயே முடிந்துவிடும். அந்தக் கெடுவுக்குள் ஒப்பந்தம் போடாதவருக்கு மீதி ஆண்டுகள் ஏட்டளவில்தான்.

கணக்குப் பிரிவின் தேய்மானத் தேதியும், வாரண்டி முடியும் தேதியும் இதே பத்திக்குள் வந்து உட்கார்ந்திருப்பது உண்டு. இவற்றை உடனே வெளியே எடுங்கள். வாரண்டி முடிந்த கணினி பாதுகாப்பாக இருக்கலாம். வாரண்டி உள்ள கணினி பாதுகாப்பில்லாமல் இருக்கலாம்.

இந்த ஊருக்கு நெருக்கமான ஒன்றைச் சொல்கிறேன். நம் வர்த்தக வலயத்தில் தோஷிபா எலக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலை இருந்தது பெரியவர்களுக்கு நினைவிருக்கும். செமிகண்டக்டர் பொதியும் அந்த ஆலையை 2013-இல் ஆம்கோர் வாங்கியது. பெயர்ப்பலகை மாறியது உங்களுக்குத் தெரியும், கண்ணால் பார்த்தீர்கள். பதிவேட்டில் உள்ள பெயர்கள் மாறுவதை யாரும் கண்ணால் பார்ப்பதில்லை. தோஷிபா மடிக்கணினி என்று எழுதியிருக்கும். அந்தத் தொழிலின் பெரும்பங்கை 2018-இல் ஷார்ப் வாங்கிவிட்டது. 2019-இல் அதன் பெயர் டைனாபுக் ஆனது. 2020-இல் மிச்சப் பங்கும் கைமாறியது. வி.எம்.வேர் என்று எழுதியிருக்கும். 2023 நவம்பர் முதல் அது பிராட்காமின் சொத்து. தயாரிப்பாளர் பெயர் பழையதாக இருந்தால், தேதியைத் தேடித் தரும் கருவி எதுவானாலும் ஒன்றும் கிடைக்கவில்லை என்று சொல்லும், அல்லது பழைய நிறுவனம் கடைசியாகச் சொன்னதைக் கொண்டு வரும். வாக்குக் கொடுத்தவரே மாறிவிட்டபோது பழைய வாக்கு செல்லுமா என்று கேட்டே ஆக வேண்டும்.

வாக்கு மாறவும் செய்யும். சென்ட்ஓஎஸ் 8 என்ற இலவச லினக்ஸ், 2029 மே வரை திருத்தம் கிடைக்கும் என்ற நம்பிக்கையில் உலகெங்கும் சர்வர்களில் ஏறியது. 2020 டிசம்பரில் ஓர் அறிவிப்பு வந்தது: 2021 டிசம்பர் 31-உடன் முடிவு. ஏழு ஆண்டுக்கு மேலான காலம் ஓர் அறிவிப்பில் போயிற்று. முன்னதாக வந்த சென்ட்ஓஎஸ் 7 மட்டும் சொன்னபடி 2024 ஜூன் 30 வரை ஓடியது. பழைய பதிப்பைவிடப் புதிய பதிப்பு முன்னால் முடிந்தது. புதியதென்றால் நீண்ட நாள் வரும் என்று எண்ணியவர்கள் அந்த ஓராண்டில் பட்ட பாடு கொஞ்சமல்ல. மறுபுறம், வி.எம்.வேர் வி.ஸ்பியர் 7-க்கு முதலில் 2025 ஏப்ரல் 2 என்று சொன்னார்கள், பிறகு அதே ஆண்டு அக்டோபர் 2 வரை நீட்டினார்கள். தேதி முன்னாலும் நகரும், பின்னாலும் நகரும். ஆகவே தேதியைக் கடைசியாகச் சரிபார்த்த நாளைப் பக்கத்தில் எழுத வேண்டும். மூன்று ஆண்டுக்கு முன் எழுதிய தேதி சரியாகவே இருக்கலாம். ஆனால் சரிபார்த்த நாள் இல்லாமல் அதை எப்படி நம்புவது?

இவ்வளவும் சொன்ன பிறகு, தேதியைச் சரியாக எழுதிவிட்டாலே பாதுகாப்பு வந்துவிடும் என்று யாரும் எண்ணிவிடக் கூடாது. 2018 ஆகஸ்டு 3 அன்று தைவானில் டி.எஸ்.எம்.சி. செமிகண்டக்டர் ஆலைகளில் வானாக்ரை வைரஸின் ஒரு வகை பரவி, இயந்திரங்கள் நின்றன. புதிதாக வந்த ஓர் இயந்திரத்தை வைரஸ் சோதனை செய்யாமல் நெட்வொர்க்கில் இணைத்ததுதான் காரணம் என்று நிறுவனமே சொன்னது. பாதிக்கப்பட்டவை திருத்தம் போடாத விண்டோஸ் 7 கணினிகள். விண்டோஸ் 7-க்கு ஆதரவு முடிந்தது 2020 ஜனவரி 14. அதாவது சம்பவ நாளில் அந்தக் கணினிகளின் ஈ.ஓ.எல். வருவதற்கு இன்னும் ஏறக்குறைய ஒன்றரை ஆண்டு இருந்தது. பதிவேடு பச்சை காட்டியிருக்கும். அந்த வைரஸ் நுழையும் துளையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் 2017 மார்ச் 14 அன்றே வெளியிட்டிருந்தது. திருத்தம் வெளிவருகிறது என்பதுதான் தயாரிப்பாளரின் வாக்கு. அதை இயந்திரத்தில் போட்டோமா என்பது நம் கணக்கு. செமிகண்டக்டர் ஆலை உள்ள இந்த ஊரில் இந்தச் சம்பவத்தை ஒவ்வொருவரும் அறிந்திருக்க வேண்டும் என்று நான் நினைக்கிறேன்.

சட்டமும் இப்போது இந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது. தொழில்நுட்ப அபாய மேலாண்மை குறித்த பேங்க் நெகாராவின் விதிமுறை, நிதி நிறுவனங்களின் முக்கியமான அமைப்புகள் ஆயுள் முடிந்த தொழில்நுட்பத்தில் ஓடக் கூடாது என்கிறது. 2024 ஆகஸ்டு 26 அன்று நடைமுறைக்கு வந்த இணையப் பாதுகாப்புச் சட்டம், அதாவது 854-ஆம் சட்டம், 11 துறைகளை நாட்டின் முக்கியத் தகவல் கட்டமைப்புகள் என்று வகுத்திருக்கிறது. வங்கியும் மின்சாரமும் மட்டும் அதில் இல்லை. வாணிகம், தொழில் துறையும் இருக்கிறது. விவசாயம், தோட்டத் துறையும் இருக்கிறது. கேரித் தீவுச் செம்பனைத் தோட்டங்களை அடுத்து வாழும் நமக்கு அது தூரத்துச் செய்தி அல்ல. உங்கள் கம்பெனி நேரடியாக அந்தப் பட்டியலில் வராவிட்டாலும், உங்களிடம் பொருள் வாங்கும் கம்பெனி வரலாம். அவர்கள் அனுப்பும் கேள்வித்தாளில் ‘ஆதரவு முடிந்த கணினிகள் எத்தனை?’ என்று ஒரு வரி இருந்தால், அதற்கு நீங்கள் தரும் பதில் கையெழுத்திட்ட வாக்குமூலம். தவறான பத்தியிலிருந்து எண்ணி எழுதினால் பொறுப்பு உங்கள் தலையில் விழும்.

பொருளை அப்புறப்படுத்துவதைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். இதில் எனக்கு வருத்தம் அதிகம். மென்பொருளின் ஆதரவு முடிந்த நாளைப் பெட்டியின் மரண நாளாக எடுத்துக்கொண்டு, நன்றாக ஓடும் கணினிகளை மூலையில் குவிக்கிறார்கள். டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு இல்லாததால் விண்டோஸ் 11 ஏறாத கணினி, லினக்ஸ் ஏற்றினால் இன்னும் பல காலம் உழைக்கும். ஒரு தமிழ்ப்பள்ளியின் கணினி அறைக்குப் போகலாம். அப்படியும் பயன்படாது என்று ஆனவற்றுக்கு நம் நாட்டில் விதி இருக்கிறது. 2005-ஆம் ஆண்டின் அட்டவணைக் கழிவு விதிமுறைகளில் மின்னணுக் கழிவுக்கு எஸ்.டபிள்யூ. 110 என்று குறியீடு. 180 நாளுக்கு மேல் வளாகத்தில் வைத்திருக்கக் கூடாது. சுற்றுச்சூழல் துறையின் உரிமம் பெற்றவரிடம்தான் கொடுக்க வேண்டும். சுதந்திர வலயத்தில் இருப்பவர்களுக்குச் சுங்கத் துறை நடைமுறையும் சேர்கிறது, பழைய இரும்புக்காரரின் லோரியில் ஏற்றி அனுப்பிவிட முடியாது. பக்கத்து ஜெஞ்சாரோமில் 2018-இல் வெளிநாட்டுப் பிளாஸ்டிக் குப்பை குவிந்து எரிந்த நாட்களின் நாற்றத்தைச் சுவாசித்தவர்கள் இங்கேயே இருக்கிறார்கள். பிறர் கழிவு நம் மாவட்டத்தில் வந்து கொட்டியதைக் கண்ட நாம், தவறாகப் படித்த ஒரு தேதியால் புதிய கழிவை உண்டாக்கக் கூடாது.

ஆகவே உங்கள் பதிவேட்டில் ‘ஈ.ஓ.எல்.’ என்ற ஒற்றைப் பத்தியை எடுத்துவிடுங்கள். விற்பனை முடிவு, பாதுகாப்புத் திருத்த முடிவு, பணம் கட்டிய நீட்டிப்பின் முடிவு என்று தனித்தனியாக வையுங்கள். வகையையும் பில்டு எண்ணையும் சேர்த்து எழுதுங்கள். தேதி எங்கிருந்து வந்தது, யார், எப்போது சரிபார்த்தார் என்று எழுதுங்கள். இயந்திரத்துக்குள் இருக்கும் கணினி என்றால் அந்த இயந்திரத்தை விற்றவரிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். மைக்ரோசாஃப்ட் சொல்லும் தேதி வேறு, இயந்திரக்காரர் துணைநிற்கும் தேதி வேறு. தெரியாததைத் தெரியாது என்று எழுதுங்கள். கட்டம் காலியாக இருந்தால் மேலதிகாரி கோபிப்பார் என்று பயந்து ஒரு தேதியை இட்டு நிரப்பாதீர்கள். அப்படி நிரப்பச் சொல்லும் மேலதிகாரிகளிடமும் இந்த மேடையிலிருந்து கேட்டுக்கொள்கிறேன்: காலிக் கட்டத்தைக் காட்டும் பணியாளரைத் திட்டாதீர்கள். அவர் உங்களுக்கு உண்மையைச் சொல்கிறார்.

2026 அக்டோபர் 13, செவ்வாய்க்கிழமை. இந்த நாளைக் குறித்துக்கொள்ளுங்கள். விண்டோஸ் 10 எல்.டி.எஸ்.பி. 2016-க்கு அன்று ஆதரவு முடிகிறது. ஆஃபிஸ் 2021-க்கும் அன்றே முடிகிறது. விண்டோஸ் 11 24எச்2-க்கு ஹோம், புரோ வகைகளில் அன்று முடிகிறது. அதற்கு அடுத்த பதிப்பை ஏற்றிக்கொண்டால் போதும். சர்வர் 2012-க்கு 2023-இலேயே முடிந்து, பணம் கட்டி நீட்டித்தவர்களுக்கு அன்று கடைசி நாள். அதற்குப் பிறகு வாங்க நீட்டிப்பு இல்லை. நான்குக்கும் ஒரே தேதி, ஆனால் நான்குக்கும் செய்ய வேண்டிய வேலை வெவ்வேறு. நாளைக் காலை வேலைக்குப் போனதும் உங்கள் பதிவேட்டில் இந்தத் தேதியைத் தேடுங்கள். வரும் ஒவ்வொரு வரியும் இந்த நான்கில் எது என்று பக்கத்தில் எழுதுங்கள்.